கேரளாவின் 'அயல்கூட்டம்': பக்கத்து வீட்டுப் பெண்கள் வாராவாரம் கூடினால் என்ன ஆகும்?

குடும்பஸ்ரீ என்றதும் நமக்கு ஊறுகாய், சிப்ஸ், கேன்டீன்தான் ஞாபகம் வரும். ஆனா அதோட அடித்தளம் வியாபாரம் இல்ல, 'அயல்கூட்டம்'. பெயரிலேயே இருக்கு: அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களின் கூட்டம். 1998 மே 17 அன்று மலப்புரத்தில் அப்போதைய பிரதமர் வாஜ்பாய் தொடங்கிவைத்த கேரள அரசின் வறுமை ஒழிப்புத் திட்டம் இது. இன்று 40 லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் உறுப்பினர்கள்.

எப்படி இயங்குது?

ஒரு அயல்கூட்டத்தில் 10 முதல் 20 பெண்கள். வாரம் ஒருமுறை யாராவது ஒருத்தர் வீட்டில் கூடுவார்கள். ஆளுக்கு ஒரு சிறு தொகை சேமிப்பு, அதிலிருந்தே உள்கடன். பிள்ளையின் ஃபீஸா, ஆஸ்பத்திரிச் செலவா, யாருக்கு முதலில் என்று கூட்டமே முடிவு செய்யும். தன் பணம் இருப்பதால் கூட்டத்துக்கு வராமல் இருக்க முடியாது. வந்து உட்கார்ந்தால், எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்பது தானாகத் தெரிந்துவிடும். வாட்ஸ்அப் குரூப்பில் இது நடக்காது.

தலைவர், செயலாளர் தவிர சுகாதாரம்-கல்வி, வருமானம், அடிப்படை வசதி ஆகியவற்றுக்குத் தலா ஒருவர் பொறுப்பு. எல்லோரும் அக்கம்பக்கத்தினர் தேர்ந்தெடுத்தவர்கள். வார்டு அளவில் ஏ.டி.எஸ்., பஞ்சாயத்து அல்லது நகராட்சி அளவில் சி.டி.எஸ். என்று மேலே போகிறது. அதனால் தெருவிளக்கு எரியாத பிரச்சினைகூட பஞ்சாயத்து வரை போய்ச் சேர வழி இருக்கு. இப்படிப் பேசிப் பழகியவர்களில் ஆயிரக்கணக்கானோர் உள்ளாட்சித் தேர்தலிலும் ஜெயித்திருக்கிறார்கள்.

2018 வெள்ளத்தில் சேறு படிந்த வீடுகளைச் சுத்தம் செய்ய இவர்கள் உடனே இறங்க முடிந்ததும் இதனால்தான். ஆட்களைத் திரட்ட வேண்டியிருக்கவில்லை, ஏற்கெனவே திரண்டிருந்தார்கள். முதல்வர் நிவாரண நிதிக்கு ரூ. 7 கோடியும் கொடுத்தார்கள்.

சிக்கல் இல்லையா?

இருக்கு. அரசு எந்த வேலையையும் குறைந்த ஊதியத்தில் இவர்கள் தலையில் கட்டுவதாகவும், கட்சிகள் இவர்களைக் கூட்டம் சேர்க்கப் பயன்படுத்துவதாகவும் விமர்சனம் உண்டு. இரண்டையும் லேசாகத் தள்ளிவிட முடியாது.

இன்னொன்று, இளம் பெண்களைப் பாதித்தது. ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர்தான் என்பது விதி. மாமியார் உறுப்பினர் என்றால் மருமகளுக்கு இடமில்லை. அம்மா இருந்தால் வேலைக்குப் போகும் மகளுக்கும் இல்லை. இதைச் சரிசெய்யத்தான் 2021-இல் 18 முதல் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கென்று துணைக் குழுக்கள் தொடங்கப்பட்டன.