இளவேனில்

'ஸ்பிரிங்' என்றால் வசந்த காலம் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க, எனக்குக் குழப்பம்தான். ஆங்கிலத்தில் அது துள்ளி எழுவது. பனி போனதும் செடி எழுகிறது, ஊற்றுக்கும் சுருள்கம்பிக்கும் அதே சொல். நம் முன்னோர் சித்திரை, வைகாசியை இளவேனில் என்றார்கள். ஆனி, ஆடி முதுவேனில். வேனில் என்றால் வெப்பம். ஆக, நமக்கு வசந்தம் என்பது வெயிலின் சின்ன வயது, அவ்வளவே!

மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். வைகாசி வசந்த விழாவுக்கு மீனாட்சியும் சுந்தரேசுவரரும் அங்கே எழுந்தருள்வார்கள். சுற்றிலும் தண்ணீர் நிரப்பிக் குளிர்ச்சியாக்கினார்கள். பெயர் வசந்தம், ஏற்பாடெல்லாம் வெயிலுக்கு! சிறுவனாக அப்பாவோடு நான் போனபோது தண்ணீரைக் காணோம். தூண்களுக்கு நடுவே தையல் மெஷின் சத்தம்தான்.