தாய்க்கு ஒரு தாய்

மகப்பேற்றின் போதும் அதன்பின் வரும் வாரங்களிலும் தாய்க்குத் துணைநிற்கும் பெண்ணை 'டூலா' என்று இன்று உலகெங்கும் அழைக்கின்றனர். அவர் மருத்துவரும் அல்லர், மருத்துவச்சியும் அல்லர். நாடி பார்ப்பதில்லை, மருந்து தருவதில்லை, குழந்தையை வெளிக்கொணர்வதும் அவர் பணியன்று. வலியில் துடிப்பவளின் கையைப் பற்றிக்கொள்வதும், முதுகை நீவிவிடுவதும், அஞ்சாதே என்று சொல்வதும், பிறந்தபின் அன்னைக்கு உணவும் உறக்கமும் கிடைக்கச் செய்வதுமே அவர் பணி.

இச்சொல் கிரேக்க மொழியினின்று வந்தது. அடிமைப் பெண் என்பதே அதன் பொருள். விவிலியம் படிப்போர்க்கு இது புதிய சொல்லன்று. வானதூதருக்கு மறுமொழி கூறும் மரியா தம்மை ஆண்டவரின் 'டூலே' என்றே அழைப்பதாக லூக்கா எழுதுகிறார். அவ்வாறு கூறிய மரியா அடுத்துச் செய்தது என்ன? யூதேய மலைநாட்டுக்கு விரைந்து சென்று, முதிர்ந்த வயதில் ஆறாம் மாதக் கருவைச் சுமந்த எலிசபெத்தோடு ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார். ஆண்டவருக்கு அடிமையானவர் முதலில் கருவுற்ற ஒரு பெண்ணுக்குத் துணையானார்.

பேற்றறையில் துணைநிற்போரை மறைநூல் என்றுமே மதித்து வந்துள்ளது. எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்லுமாறு ஆணையிட்ட பார்வோனின் பெயரை விடுதலைப் பயண நூல் குறிப்பிடவில்லை. அவ்வாணைக்குப் பணியாத சிப்ரா, பூவா என்னும் மருத்துவப் பெண்கள் இருவரின் பெயரையோ மறவாமல் பதிந்து வைத்திருக்கிறது.

பண்டைச் சமூகங்கள் பலவற்றில் பெண் தனியே பிள்ளை பெற்றதில்லை. நம் நாட்டில் தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எழுதாச் சட்டம். மருத்துவச்சி ஒருபுறமிருக்க, தாயும் பெரியம்மாவும் அக்காளும் சூழ்ந்திருப்பர். பேற்றுக்குப் பின் பத்தியமும் காய மருந்தும் வெந்நீர்க் குளியலும் ஓய்வும் உண்டு. இங்கிலாந்தில் பேற்றறையில் கூடிய பெண்களைக் 'காசிப்' என்றனர். ஞான உறவினர் என்பதே அச்சொல்லின் பழம்பொருள். வீண்பேச்சு என்று பிற்காலத்தில் இழிந்த அச்சொல், திருமுழுக்கின் உறவிலும் பேற்றறையின் தோழமையிலும் பிறந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் நம் திருச்சபையின் வரலாற்றிலும் ஒரு பாடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறவறப் பெண்கள் மகப்பேற்றுப் பணியில் ஈடுபடத் தடை இருந்தது. அவர்களது கற்பு வார்த்தைப்பாட்டுக்கு அப்பணி ஒவ்வாதது என்று கருதினர். 1920-இல் ராவல்பிண்டிக்கு வந்த ஆஸ்திரிய மருத்துவர் அன்னா டெங்கல் வேறொரு காட்சியைக் கண்டார். திரைமறைவில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் பிள்ளைப்பேற்றில் மாண்டுகொண்டிருந்தனர். இத்துயரே அவரை 1925-இல் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கத் தூண்டிற்று. 1936 பிப்ரவரி 11 அன்று உரோமை வெளியிட்ட அறிவுரை மடல் மருத்துவப் பணிக்கும் மகப்பேற்றுப் பணிக்கும் துறவியருக்கு வழிதிறந்தது. தூய்மை என்பது துன்புறுபவளிடமிருந்து விலகி நிற்பதன்று என்று திருச்சபை கண்டுகொண்ட நாள் அது.

இதே காலத்தில் மேலைநாடுகளில் பேறு வீட்டை விட்டு மருத்துவமனைக்குச் சென்றது. நோய்த்தொற்றையும் குருதிப்போக்கையும் வெல்ல மருத்துவம் செய்த உதவி பெரிது. எத்தனையோ தாய்மாரின் உயிர் அதனால் காக்கப்பட்டது. ஆனால் மருத்துவமனையின் வாயிலில் தாயும் தமக்கையும் நிறுத்தப்பட்டனர். உயிர் காக்கப்பட்டது; உறவு வெளியே நின்றது.

அந்த இழப்பை முதலில் கண்டு சொன்னோருள் டேனா ராஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர் ஒருவர். தாய்ப்பால் பற்றி 1973-இல் அவர் வெளியிட்ட நூலில், ஈன்றவளைத் தாயாக இருந்து பேணும் பெண்ணுக்கு 'டூலா' என்று பெயரிட்டார். குழந்தைக்குத் தாய் வேண்டும்; அத்தாய்க்கும் ஒரு தாய் வேண்டும் என்பதே அவர் கருத்து.

பின்னர் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் என்னும் குழந்தை மருத்துவர்களும் அவர்களுடைய தோழர்களும் குவாத்தமாலாவின் நெரிசல் மிகுந்த மருத்துவமனை ஒன்றில் ஓர் ஆய்வு நடத்தினர். தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் சிலருக்கு மட்டும், முன்பின் அறியாத சாதாரணப் பெண் ஒருவர் துணையாக அமர்த்தப்பட்டார். 1980-இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகை வியக்கவைத்தது. சேர்ந்த நேரத்திலிருந்து பேறு வரை துணையின்றி இருந்தவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரமும், துணை பெற்றவர்களுக்கு 8.8 மணி நேரமும் ஆயின. துணை பெற்ற தாய்மார் தம் குழந்தையை அதிகமாக வருடினர். அதனோடு அதிகமாகப் பேசிச் சிரித்தனர். அன்பு பெற்றவளே அன்பை எளிதில் வழங்குகிறாள்.

1991-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகர ஆய்வு இன்னும் நுட்பமான உண்மையை வெளிப்படுத்தியது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 18 விழுக்காட்டினருக்கு அறுவை தேவைப்பட்டது. துணை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கே தேவைப்பட்டது. மூன்றாவது குழுவில் ஒரு பெண் ஒன்றும் பேசாமல், தொடாமல், குறிப்பெடுத்துக்கொண்டு அறையில் அமர்ந்திருந்தார். அக்குழுவில் அது 13 விழுக்காடாயிற்று. ஒருவர் வாளா அருகிருத்தலுக்கே ஆற்றல் உண்டு போலும்! சிலுவையடியில் நின்ற அன்னையும் ஒன்றும் செய்ய இயலாமல்தான் நின்றார். ஆயினும் யோவான் அந்த நிற்றலைப் பதிவு செய்தார்.

1992-இல் வட அமெரிக்காவில் டூலாக்களுக்கு ஓர் அமைப்பு தோன்றியது. தமிழக அரசு மருத்துவமனைகளில் 2004-இல் பிரசவத் துணையாளர் திட்டம் தொடங்கியது. 17 நாடுகளைச் சேர்ந்த 15,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய 26 ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பாய்வும் தொடர்துணையின் நன்மையை உறுதிசெய்தது. பெண் தானே விரும்பும் துணை ஒருவர் பேற்றின்போது உடனிருக்க வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2018-இல் பரிந்துரைத்தது.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. அடிமையின் பெயரால் வழங்கும் இப்பணி இன்று ஊதியம் பெறும் தொழிலாகியுள்ளது. அதில் தவறில்லை, வேலையாள் தம் கூலிக்கு உரிமை உடையவர் என்பது ஆண்டவரின் வாக்கு. பெண்ணின் உழைப்பை அன்பின் பெயரால் இலவசமாக்குவது நீதியன்று. ஆனால் அக்கூலியைத் தர இயலாத ஏழைத் தாயின் நிலை என்ன? பிழைப்புக்காக அயலூர் சென்று, உற்றார் எவருமின்றி ஓரறை வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுப்பவர் யார்?

இங்கேதான் பங்குச் சமூகத்தின் கடமை தொடங்குகிறது. குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும் நாளை நாம் விழாவாகக் கொண்டாடுகிறோம். அதற்கு முந்தைய வாரங்களில் அத்தாய் உண்டாளா, உறங்கினாளா, காரணமின்றி அழுதாளா என்பதை அறிகிறோமா? ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் நிகழும் பேறுகளை அறிந்து, பிள்ளை பெற்றுத் தேர்ந்த இரு பெண்களை அவ்வீட்டுக்கு அனுப்பலாம். அவர்கள் அறிவுரை சுமந்து செல்ல வேண்டியதில்லை. ஒரு வேளைக் கஞ்சியும், தாய் சற்றே கண்ணயரும்வரை குழந்தையை ஏந்திக்கொள்ளும் கைகளும் போதும். எலிசபெத்தின் இல்லத்தில் மரியா எந்தெந்த வேலைகளைச் செய்தார் என்று லூக்கா விவரிக்கவில்லை. தங்கினார் என்று மட்டுமே எழுதினார்.