இரவு வகுப்பில் பயின்ற காவல்

தமிழகத்தை விட்டு டில்லி, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களுக்கு உத்தியோகம் தேடிச் சென்ற முன்தலைமுறைத் தமிழர் பலரின் தகரப்பெட்டியில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒன்று பள்ளியிறுதிச் சான்றிதழ். மற்றொன்று தட்டெழுத்திலும் சுருக்கெழுத்திலும் தேறியமைக்கான சான்று. இவ்விரண்டில் சோறு போட்டது இரண்டாவதே. அதனைப் பல்கலைக்கழகம் கற்பிக்கவில்லை. கடைத்தெருவின் மாடியறையில், விடியற்காலையிலும் விளக்கு வைத்த பின்னும் நடந்த பயிற்சிக்கூடமே கற்பித்தது. அங்கே பயின்றதைப் படிப்பு என்று யாரும் கணக்கில் சேர்த்ததில்லை. ஆயினும் மத்திய சர்க்கார் அலுவலகங்களில் கோப்புகள் நகர்ந்தது அந்த விரல்களால்தான்.

இத்தகைய கல்விக்குக் கல்லூரி என்னும் பெயரையே அளித்து, நாளடைவில் தன் கணினி வலையங்களின் காவலில் ஒரு பங்கையும் அதன் மாணவரிடம் ஒப்படைத்த நாடு ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாட்டின் அவ்வரலாற்றையே நேயர்களுக்கு இங்கே சொல்ல முற்படுகிறோம்.

1901ஆம் ஆண்டு, இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் என்னும் ஊரில், உயர்நிலைப் பள்ளி ஒன்றின் தலைவரான ஸ்டான்லி பிரௌன் என்பவரும், சிகாகோ பல்கலைக்கழகத் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பரும் கூடி ஒரு சோதனை செய்தனர். பல்கலைக்கழகப் படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளை, ஊரை விட்டுப் போக வசதியில்லாத மாணவர்க்கு ஊரிலேயே கற்பித்தால் என்ன என்பதே அவர்கள் கேள்வி. முதல் வகுப்பில் இருந்தோர் ஆறு பேர். இரண்டாம் உலகப் போரின் முடிவில் படைவீரர் திரும்பியபோது, 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அவர்கள் கல்விச் செலவை அரசே ஏற்க வழிசெய்தது. கல்லூரிகள் நிரம்பி வழிந்தன. 1947இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அமைத்த குழு தன் அறிக்கையில் இந்த ஈராண்டுக் கல்லூரிகளை நாடெங்கும் பெருக்குமாறு கூறிற்று. அவற்றுக்கு ‘கம்யூனிட்டி காலேஜ்’ என்னும் பெயர் பரவியதும் அவ்வறிக்கையினால்தான்.

நம் தொழில் மொழிபெயர்ப்பு. ஆதலின் பெயரைக் கண்டால் சற்று நின்றுவிடுகிறோம். இதனைச் ‘சமுதாயக் கல்லூரி’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. ‘ஊர்க் கல்லூரி’ என்றிருந்தால் பொருள் இன்னும் விளங்கியிருக்கும் என்பது நம் சொந்தக் கருத்து. கோப்பில் அதற்கு இடமில்லை. இக்கல்வி நம்மவர்க்கும் முற்றிலும் புதிதன்று. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், அடுத்த ஆண்டு சென்னையிலும் இப்பெயரால் கல்லூரிகள் தோன்றின. அமெரிக்காவில் இன்று இவை ஏறத்தாழ ஆயிரம். பெரும்பாலானவற்றில் நுழைவுத் தேர்வு இல்லை. மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் பகுதிநேரமாகவே பயில்கின்றனர். பகலில் கடையிலோ பண்டகசாலையிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வகுப்புக்கு வருகிறவர்களை அங்கே எங்கும் காணலாம்.

நிற்க. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் முயற்சி இக்கல்லூரிகளில் தொடங்கவில்லை. 1969 அக்டோபர் 29ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்துக்கு ‘லாகின்’ என்னும் சொல்லை அனுப்ப முயன்றனர். முதல் இரண்டு எழுத்துகள் போய்ச் சேர்ந்த அளவில் மறுமுனைக் கணினி நின்றுபோயிற்று. அவ்வாறு பிறந்த வலையம் இருபது ஆண்டுகள் அறிஞர்களின் தெருவாகவே இருந்தது. உறவினர் மட்டுமே குடியிருக்கும் தெருவில் யார் கதவைத் தாழிடுவார்?

1988 நவம்பர் 2ஆம் தேதி இரவு அத்தெருவில் புழு புகுந்தது. கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவரான ராபர்ட் டாப்பன் மாரிஸ் என்பவர் எழுதிய நிரல் அது. ஒரு கணினியில் நுழைந்து, அங்கிருந்து தன்னையே படியெடுத்து அடுத்ததற்குத் தாவும். மின்னஞ்சல் நிரலில் இருந்த ஓட்டை ஒரு வழி. கடவுச்சொல்லை ஊகித்தல் மற்றொரு வழி. பயனாளரின் பெயரையே கடவுச்சொல்லாக இட்டுப் பார்க்கும். பெயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கும். அதுவும் பலிக்காவிடில் தன்னுள் வைத்திருந்த 432 சொற்களின் பட்டியலை ஒவ்வொன்றாக முயலும். (நாமும் ஒரு காலத்தில் அலுவலகக் கடவுச்சொல்லைச் சீட்டில் எழுதி மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்திருந்தவர்தாம், ஆகவே அந்தப் பயனாளரைப் பழிக்க நமக்கு வாயில்லை.) ஏற்கெனவே தன் படி உள்ள கணினியில் மீண்டும் புக வேண்டாம் என்ற ஏற்பாடு இருந்தும், ஏழில் ஒரு முறை அதையும் மீறிப் புகுமாறு மாரிஸ் அமைத்திருந்தார். அதனாலேயே படிகள் குவிந்து கணினிகள் மூச்சுத் திணறின. அந்நாளில் வலையத்தில் இருந்த சுமார் 60,000 கணினிகளில் பத்தில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டதென மதிப்பிட்டனர்.

மாரிஸுக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகப் பணியும், 10,050 டாலர் அபராதமும் 1990இல் விதிக்கப்பட்டன. அவர் தந்தை தேசியப் பாதுகாப்பு முகமையில் கணினிக் காப்புத் துறை விஞ்ஞானி. மகனோ பின்னாளில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பேராசிரியரானார். கதவை உடைத்தவரும் அதனை ஆராய்ந்தவரும் ஒரே உயர்ந்த வட்டத்தினர் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டுகிறோம். அந்நாட்டு அரசு 1999இல் கணினிக் காப்புக் கல்வியில் சிறந்தவை என முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த ஏழும் பல்கலைக்கழகங்களே.

ஆனால் ஆராய்ச்சி வேறு, தாழ்ப்பாள் வேறு. அதற்குள் பள்ளி, மருத்துவமனை, நகராட்சி என்று எங்கும் வலையம் பரவிவிட்டது. அங்கெல்லாம் கம்பி இழுக்கவும், பழுது பார்க்கவும், அன்றாடம் கவனிக்கவும் ஆளில்லை. பள்ளிகளுக்குக் கருவிகளை விற்ற சிஸ்கோ நிறுவனம் இக்குறையைக் கண்டு, 1997இல் ‘வலையமைப்புப் பயிலகம்’ என்னும் பாடத்திட்டத்தைத் தொடங்கிற்று. சமுதாயக் கல்லூரிகள் பலவும் அதனை ஏற்றன. விற்பவரே பாடம் வகுத்தால் மாணவர் அவர் சரக்கையே அறிவர் என்ற குறை உண்டு, அக்குறை நியாயமானதே. எனினும் 1992இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றினால், தேசிய அறிவியல் நிதியமும் ஈராண்டுக் கல்லூரிகளின் தொழில்நுட்பக் கல்விக்குப் பொருள் வழங்கிவந்தது.

அங்கே கற்பது யாது? தொடக்கம் மிக எளிது. ஒரு கேபிளின் உறையை நீக்கினால் எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக முறுக்கிக் கிடக்கும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் அவற்றை நிறுத்தி, நுனியைச் சமமாக வெட்டி, குறடு கொண்டு முனையில் பொருத்த வேண்டும். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது. பிரித்தால் அயல் இரைச்சல் புகுந்து செய்தியைக் கெடுக்கும். முறுக்கு எதற்கு என்று கேட்கிற மாணவருக்கு அவ்விடத்திலேயே மின்காந்தவியல் தொடங்குகிறது. பின்னர் ரூட்டர், சுவிட்ச், முகவரிக் கணக்கு. அதன் பின்னரே காவல்: எந்த வாயிலைத் திறப்பது, எதனை மூடுவது, யாரை எதுவரை அனுமதிப்பது, நள்ளிரவில் வந்துபோனவர் யார் என்று பதிவேட்டைப் புரட்டுவது. கம்பியைத் தொட்டவனே கசிவைக் கண்டுபிடிப்பான் என்பது இப்பாடமுறையின் அடிப்படை.

இவ்வேலைக்கு ஈராண்டுப் படிப்பு போதுமா என்ற ஐயம் எழாமல் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அது அவசரக் கேள்வியாயிற்று. 2002 ஜூனில் தேசிய அறிவியல் நிதியமும் சமுதாயக் கல்லூரிகளின் சங்கமும் இது பற்றியே வாஷிங்டனில் கூடி ஆராய்ந்தன. விளைவு விரைவில் தெரிந்தது. 2003இல் இல்லினாய் மாநிலத்து மொரெய்ன் வேலி சமுதாயக் கல்லூரியில் ஒரு காப்புப் பயிற்சி மையம் எழுந்தது. ஜோலியட் நகரமும் அதே மாநிலத்தில், அருகில்தான் இருக்கிறது. அம்மையம் தொலைவிலிருந்தே பயிலத்தக்க ஆய்வுக்கூடத்தை அமைத்தது. கருவி வாங்க வழியற்ற கல்லூரியின் மாணவரும் வீட்டிலிருந்தபடி வேலை முடிந்த பின்னிரவில் பயிலலாம். 2005இல் மேரிலாந்து மாநிலத்தின் பிரின்ஸ் ஜார்ஜஸ் சமுதாயக் கல்லூரியை நடுவாகக் கொண்டு மற்றொரு மையம் தோன்றியது. தேசியப் பாதுகாப்பு முகமையின் தலைமையகம் இருப்பதும் மேரிலாந்திலேயே. 2010இல் ஈராண்டுக் கல்லூரிகளுக்கெனத் தனி அங்கீகாரமே ஏற்பட்டது.

2021 மே மாதம் நிகழ்ந்தது ஒன்றைச் சொல்லாமல் விடல் இயலாது. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு எரிபொருள் கொண்டு செல்லும் கொலோனியல் குழாய்ப்பாதை நிறுவனத்தின் கணினிகளைக் கொள்ளையர் முடக்கினர். குழாய்கள் நிறுத்தப்பட்டன, எரிபொருள் நிலையங்களில் வண்டிகள் வரிசையில் நின்றன, 75 பிட்காயின், அதாவது ஏறத்தாழ 44 லட்சம் டாலர், பணயமாகத் தரப்பட்டது. நுழைந்த வழி யாது? பயன்பாட்டில் இல்லாததெனக் கருதப்பட்ட, மூடப்படாத ஒரு தொலைநுழைவுக் கணக்கு. அதற்கு ஒரு கடவுச்சொல்லே காவல். இரண்டாவது சரிபார்ப்பு இல்லை. இதனைக் கண்டுபிடித்து மூட ஆராய்ச்சிப் பட்டம் வேண்டுவதில்லை. பட்டியலை வைத்துக்கொண்டு பொறுமையாக ஒவ்வொரு கணக்காகப் பார்க்கும் ஓர் ஊழியர் வேண்டும். மேலே கூறிய இரவு வகுப்பில் பயிற்றுவது அதனையே.

இருந்தும் வேலை விளம்பரங்களில் நான்காண்டுப் பட்டம் என்ற வரி நீங்காதிருந்தது. பயிற்சி உண்டு, சான்று உண்டு, மனுச் செய்யவே தகுதியில்லை என்ற நிலையைப் பலர் அனுபவித்தனர். 2022 மார்ச்சில் மேரிலாந்து மாநில அரசு, தகவல் தொழில்நுட்பப் பதவிகள் உள்ளிட்ட ஆயிரக்கணக்கான தன் பதவிகளுக்கு அவ்வரியை நீக்கிற்று. அனுபவமோ, பயிற்சியோ, சமுதாயக் கல்லூரிப் படிப்போ பட்டத்துக்கு ஈடாகலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் யூட்டா மாநிலமும், 2023 ஜனவரியில் பென்சில்வேனியாவும் தங்கள் பதவிகள் பலவற்றுக்கு இவ்வாறே செய்தன.