நகரும் பனி

வட துருவக் கடலின் பனிப்பாளங்கள் ஓரிடத்தில் நிற்பவை அல்ல. அந்த நகர்வை நம்பித்தான் நார்வேயின் நான்சென் 1893இல் தன் ‘ஃப்ராம்’ கப்பலை வேண்டுமென்றே பனியில் உறையவிட்டார். கப்பல் விடுபட 1896 ஆயிற்று. நல்லவேளை, 13 பேரும் உயிரோடு திரும்பினார்கள். இத்தனை துணிந்தும் கிடைத்தது ஒரு கப்பலின் தடம் மட்டுமே.

பின்னாளில் செயற்கைக்கோள்கள் வந்தன. ஆனால் கேமராவுக்கு மேகமும், மாதக்கணக்கில் நீளும் துருவ இரவும் தடை. 1978 ஜூனில் அமெரிக்கா ஏவிய சீசாட்டின் ரேடார் தானே நுண்ணலைகளை அனுப்பி, பட்டுத் திரும்புவதைப் படமாக்கியது. இருட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரு படங்களிலும் அதே விரிசலைத் தேடிப் பிடித்தால், பனி நகர்ந்த தூரமும் திசையும் கிடைத்துவிடும். வரைபடத்தாளில் இரு புள்ளிகளை இணைத்தோமே, அதே கணக்குதான்!

நூறு நாள் சொச்சத்தில் மின்கோளாறால் சீசாட் அடங்கிப்போனது. 1991இல் ஐரோப்பாவின் ஈ.ஆர்.எஸ்-1 அந்த வேலையைக் கையில் எடுத்தது.