போர்க்கால மௌனமும் குடும்ப நினைவும்: இலட்சுமி – மிருணாளினி சகோதரியரை முன்வைத்து

முன்னுரை

போர்க்காலத்தில் உடன்பிறந்தோரிடையே தோன்றும் மௌனம் பிற்காலத் தலைமுறைகளுக்கு எவ்வாறு சென்று சேர்கிறது என்னும் வினாவைச் சென்னைக் குடும்பமொன்றைச் சார்ந்த கேப்டன் இலட்சுமி (1914–2012), மிருணாளினி சாராபாய் (1918–2016) ஆகியோரின் வாழ்வுவழி இக்கட்டுரை ஆராய்கிறது.

1942: ஒரு குடும்பம், மூன்று களங்கள்

மயிலாப்பூர்க் கடற்கரையிலுள்ள இராணி மேரி கல்லூரியிலும் பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்ற இலட்சுமி 1940இல் சிங்கப்பூர் சென்றார். 1942 பிப்ரவரி 15இல் அந்நகர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. ஏப்ரலில் குண்டுவீச்சு அச்சத்தால் சென்னை மக்கள் பெருமளவில் ஊரை விட்டு வெளியேறினர். அவ்வாண்டிலேயே மிருணாளினி விக்ரம் சாராபாயை மணந்தார். தாய் அம்மு சுவாமிநாதன் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கத்தில் சிறை சென்றார். 1943இல் இலட்சுமி ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். தாயும் மகளும் எதிர்த்தது ஒரே அரசைத்தான். ஆயின் ஒருவர் காங்கிரசின் வழியிலும் மற்றவர் ஆயுத வழியிலும் எதிர்த்தனர்.

மௌனத்தின் வகைகள்

இத்தகைய சூழலின் மௌனத்தை மூவகைப்படுத்தலாம். போர்முனையால் தொடர்பு அறுந்தமையால் விளைவது அறியாமை; தணிக்கைக்கும் தண்டனைக்கும் அஞ்சி விளைவது மறைப்பு; கேட்போர் இன்மையால் விளைவது சொல்லாமை. இவற்றை ‘இரகசியம்’ என்னும் ஒரே சொல்லால் குறிப்பது பொருந்தாது.

1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை விசாரணை, அரசு குற்றமாகக் கண்டதை மக்கள் தியாகமாகக் காணச் செய்தது. எனவே 1946 மார்ச்சில் இலட்சுமி தாயகம் திரும்பியபோது மறைப்பதற்கான தேவை நீங்கியிருந்தது. ஆயினும் அவருடைய நினைவுக்குறிப்புகள் 1997இலும், மிருணாளினியின் தன்வரலாறு 2004இலும்தாம் நூலாயின. நிகழ்வுக்கும் அச்சுக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்தது. அவ்விடைவெளியில் வளர்ந்தவர்களே சுபாஷிணி அலி, மல்லிகா சாராபாய் முதலிய அடுத்த தலைமுறையினர்.

இதற்கு மாறானது மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து அப்படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களின் நிலை. அவர்களுள் மிகப் பலருக்கு எழுதவோ பதிப்பிக்கவோ வாய்ப்பில்லை. ஒரே படையில் பணியாற்றியோருள் சிலரது மௌனம் நூலாயிற்று. பலரது மௌனம் மௌனமாகவே நின்றது. இவ்வேறுபாட்டை உருவாக்கியது வீரம் அன்று. கல்வியும் வர்க்கமுமே எனலாம்.

முடிவுரை

ஆகவே, குடும்ப ஆவணங்களில் காணும் இடைவெளியை உடனடியாக மறைப்பெனக் கொள்ளாமல், அது எவ்வகை மௌனம் என முதலில் வினவுதல் வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு முதலிய பகுதிகளின் பழைய வீடுகளில் போர்க்காலக் கடிதங்கள் எஞ்சியிருப்பின், அவற்றைப் படித்துப் பொருள் கூறத்தக்க மூத்த பெண்கள் இன்னும் வாழ்கின்றபோதே வாய்மொழிப் பதிவு நிகழ்தல் இன்றியமையாதது. அவர்களுக்குப் பின் கடிதம் இருக்கும். அதில் எழுதாமல் விடப்பட்டது எது எனச் சொல்வோர் இரார்.