அதிகுளிர் அணுக்களின் இடைவினைக் கணிப்பு

கெல்வினில் ஒரு கோடியில் ஒரு பங்கு வரை குளிர்வித்து, ஒளியாலோ காந்தப்புலத்தாலோ அமைத்த பொறிக்குள் அடைத்த அணுக்கள் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கின்றன என்பதைச் சமன்பாடுகளாலும் கணினி நிரல்களாலும் கணிக்கும் இயற்பியல் பிரிவு. சத்தியேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவில் எழுதிய கட்டுரையும் அதை ஐன்ஸ்டைன் விரித்ததும் இதன் தொடக்கம். அணுக்கள் ஒரே குவாண்டம் நிலையில் திரளும் போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள் சோதனையில் கைகூடியது 1995இல், ருபீடியம் ஆவியில். தமிழ்நாட்டில் இப்பிரிவுக்குத் திருச்சியும் கும்பகோணமும் முக்கியமான இடங்கள்.

இரண்டு அணுக்களுக்கு இடையிலான விசை உண்மையில் சிக்கலானது. ஆனால் அதன் வீச்சு சில நானோமீட்டர்தான். 100 நானோகெல்வினில் ஒரு ருபீடியம் அணுவின் வெப்ப அலைநீளமோ அரை மைக்ரோமீட்டரைத் தாண்டுகிறது. இவ்வளவு நீண்ட அலைக்கு விசையின் நுண்ணிய வடிவம் புலப்படாது. மோதலின் விளைவு முழுவதும் 'சிதறல் நீளம்' என்ற ஒற்றை எண்ணில் அடங்கிவிடும். ருபீடியம்-87க்கு அது ஏறத்தாழ 5 நானோமீட்டர். நேர்க்குறி எண் விலக்கத்தையும் எதிர்க்குறி எண் ஈர்ப்பையும் காட்டும். மோதும் அணுக்களின் ஆற்றல் ஒரு மூலக்கூறு நிலையின் ஆற்றலோடு ஒன்றும் ஃபெஷ்பாக் ஒத்திசைவுக்கு அருகே காந்தப்புலத்தைத் திருகினால் இந்த எண்ணையே மாற்றலாம். இயற்பியலில் இப்படி விருப்பப்படி திருப்பக்கூடிய இடைவினைகள் அரிது.

பொறிக்குள் அடைத்ததும் கணக்கு மாறுகிறது. மையத்திலிருந்து விலகும் தொலைவுக்கேற்பத் திரும்ப இழுக்கும் கோள வடிவ இசைப்பொறியில் இரண்டே அணுக்கள் இருக்கும் நிலைக்கு புஷ்ஷும் மூன்று கூட்டாளிகளும் 1998இல் துல்லியமான தீர்வு கண்டனர். சிதறல் நீளம் முடிவிலியை எட்டினாலும் ஆற்றல் முடிவிலியாவதில்லை என்பது அதன் அழகான முடிவு. ஒப்பு இயக்கத்தின் தாழ்நிலை ஆற்றல், இடைவினையே இல்லாதபோது பொறியின் ஆற்றல் அலகில் 1.5, முடிவிலிச் சிதறல் நீளத்தில் 0.5. அதே ஆண்டு ஓல்ஷானி, அணுக்களை மெல்லிய குழாய்போன்ற பொறியில் நெருக்கினால் அடைப்பே ஓர் ஒத்திசைவை உண்டாக்கும் என்று காட்டினார். ஒடுக்கப்பட்ட நிறையைக் கொண்டு கணித்த குறுக்கு நீளம், சிதறல் நீளத்தைப்போல் சுமார் 1.46 மடங்காகும்போது அது நிகழ்கிறது. ஆக, பொறியைச் சும்மா ஒரு பாத்திரமாக எண்ண முடியாது. இடைவினையின் வலிமையை அதுவும் தீர்மானிக்கிறது.

ஆயிரக்கணக்கான அணுக்களுக்கு இத்தகைய துல்லியத் தீர்வு எட்டாது. அங்கே 1961இல் கிராஸும் பிட்டயேவ்ஸ்கியும் தனித்தனியே தந்த சமன்பாடு கைகொடுக்கிறது. எல்லா அணுக்களுக்கும் பொதுவாக ஓர் அலைச்சார்பு. அதன் அடர்த்தியைச் சிதறல் நீளத்தால் பெருக்கிய உறுப்பு ஒன்று. ஈர்ப்பு இடைவினை என்றால் செறிபொருளுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று இச்சமன்பாடு சொல்கிறது. கோளப் பொறியில் அணுக்களின் எண்ணிக்கையைச் சிதறல் நீளத்தின் அளவால் பெருக்கி, பொறியின் நீளத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் சுமார் 0.575ஐத் தாண்டினால் செறிபொருள் சரிந்துவிடும். 1997இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் லித்தியம்-7 அணுக்கள் 650 முதல் 1,300 வரை மட்டுமே செறிந்தன. கணிப்பும் அந்த அளவையே ஒட்டியிருந்தது.

இச்சமன்பாட்டை எண்முறையில் தீர்ப்பதில்தான் திருச்சியின் பெயர் உலகெங்கும் தெரியவந்தது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் பால்சாமி முருகானந்தமும், பிரேசிலின் சாவோ பாவ்லோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாதன் குமார் அதிகாரியும் ஃபோர்ட்ரான் நிரல்களின் தொகுப்பொன்றை 2009இல் வெளியிட்டனர். ஒரு பரிமாணம் முதல் முப்பரிமாணம் வரை, எந்தத் திசையிலும் சமச்சீரற்ற பொறிக்கும் அவை பொருந்தும். முறை எளியது: காலத்தைக் கற்பனை எண்ணாக்கிச் சமன்பாட்டை ஓடவிட்டால் உயர் ஆற்றல் பகுதிகள் விரைவில் தேய்ந்துவிடும், படிக்குப் படி அலைச்சார்பை மீண்டும் நெறிப்படுத்தினால் தாழ்நிலை எஞ்சும். அதைத் தொடக்கமாகக் கொண்டு மெய்க்காலத்தில் ஓட்டினால் பொறியை அசைக்கும்போது நடப்பது தெரியும். 2012இல் பெல்கிரேட் இயற்பியல் நிறுவனத்தாருடன் சேர்ந்து சி மொழி வடிவமும் வந்தது. புதிய கோட்பாடு எதையும் இவை முன்வைக்கவில்லை. ஆயினும் பொறுமையாக எழுதி, சரிபார்த்து, எல்லோருக்கும் கொடுத்த நிரல், பல கோட்பாட்டுக் கட்டுரைகளைவிடத் துறைக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம்.

இந்த வேலைக்குத் திருச்சியில் மண் ஏற்கெனவே பதப்பட்டிருந்தது. சமன்பாட்டின் ஒருபரிமாண வடிவம் நேரியல்பற்ற ஷ்ரோடிங்கர் சமன்பாடுதான். அதையும் சொலிட்டான் எனப்படும் குலையாத தனியலைகளையும் மு. லட்சுமணனின் குழு அதே பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் ஆராய்ந்துவந்தது. பொறியும் சிதறல் நீளமும் காலத்தோடு மாறினாலும், அவ்விரண்டும் ஒரு குறிப்பிட்ட கட்டுப்பாட்டுக்கு உட்பட்டால் பழைய சொலிட்டான் தீர்வுகளையே எடுத்தாளலாம் என்று இராஜேந்திரன், முருகானந்தம், லட்சுமணன் மூவரும் காட்டினர். கும்பகோணம் அரசு மகளிர் கல்லூரியில் ஆர். ராதாவின் குழுவும் காலத்தோடு மாறும் பொறிகளில் சொலிட்டான்கள் நிலைப்பதை ஆராய்ந்திருக்கிறது.

ஒற்றை எண் போதாத இடங்களும் உண்டு. குரோமியம், டிஸ்ப்ரோசியம் போன்ற காந்த அணுக்களின் இடைவினை தொலைவுக்கும் எட்டும், திசையையும் பொறுத்தது. அந்த இருமுனை இடைவினையைச் சேர்த்த நிரல்களைத் திருச்சி, சாவோ பாவ்லோ, பெல்கிரேட் கூட்டணி 2015இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஸ்டுட்கார்ட்டில் டிஸ்ப்ரோசியம் செறிபொருள் சரிந்து அழியாமல் சிறு துளிகளாக நின்றது. கிராஸ்–பிட்டயேவ்ஸ்கி சமன்பாட்டை மட்டும் நம்பினால் அத்துளிகள் இருந்திருக்கவே கூடாது. லீ, ஹுவாங், யாங் ஆகியோர் 1957இல் கணித்த குவாண்டம் ஏற்ற இறக்கத் திருத்தம்தான் அவற்றைத் தாங்குகிறது. இன்று இருமுனைச் செறிபொருள்களின் கணிப்பில் அந்த உறுப்பும் வழக்கமாகச் சேர்கிறது.