வெட்டுத் தட்டின் வரலாறும் பாதுகாப்பும்

கோணச் சாணை எந்திரம் என்பது, மின்மோட்டாரின் சுழற்சியைப் பற்சக்கரங்களின் மூலம் செங்கோணத்தில் திருப்பி, முனையில் பொருத்திய வட்டத் தட்டைச் சுழலச் செய்யும் கைக்கருவியாகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது ஆங்கிள் கிரைண்டர், ஹேண்ட் கிரைண்டர், கட்டிங் மெஷின் எனப் பலவாறு வழங்கப்படுகிறது. கம்பி, குழாய், தகடு, கல், டைல்ஸ் ஆகியவற்றை வெட்டவும் தேய்க்கவும் இது பயன்படுகிறது.

இக்கருவியில் பொருத்தப்படும் கட்டிங் வீல் எனும் வெட்டுத் தட்டு பெரும்பாலும் 1 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. கையால் வளைத்தே உடைத்துவிடக்கூடிய இத்தட்டு இரும்பை வெட்டுகிறது. இதைப் பயன்படுத்துவதற்கான பாதுகாப்பு விதிகள் வெறும் தடைகளின் பட்டியல்போலத் தோன்றும். ஆனால் சாணைத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், அவற்றில் பலவும் தொழிலாளர் பட்ட துன்பத்திலிருந்து பிறந்தவை என்பது விளங்கும்.

ஷெஃபீல்டின் சாணைக்கற்கள்

19ஆம் நூற்றாண்டில் கத்தி, முள்கரண்டி, அரம் ஆகியவற்றுக்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் பெயர்பெற்றது. அங்குள்ள சாணைக்காரர்கள் மணற்கல்லால் ஆன பெரிய சக்கரத்தின் பின்னால், சேணம் போன்ற மர இருக்கையில் கால்களை இருபுறமும் போட்டு அமர்ந்து, முன்னே குனிந்து வேலை செய்தனர். நீராவி எந்திரம் வந்தபின் கற்கள் வேகமாகச் சுழன்றன. கல்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் அது வெடித்துச் சிதறி, அமர்ந்திருந்தவரைத் தூக்கி எறிந்தது.

கல் வெடிப்பதைவிடக் கொடியது தூசி. மணற்கல்லில் உள்ள சிலிக்கா நுண்துகள்கள் நுரையீரலில் படிந்து, ‘சாணைக்காரர் ஆஸ்துமா’ என்று அழைக்கப்பட்ட நோயை உண்டாக்கின. ஷெஃபீல்டு மருத்துவர் அர்னால்டு நைட் 1830இல் இந்நோயைப் பற்றி எழுதினார். 1845இல் வெளிவந்த தம் நூலில் பிரெட்ரிக் ஏங்கல்ஸ், நீரின்றி உலர்முறையில் சாணை பிடிப்போரின் சராசரி ஆயுள் 35 ஆண்டுகளைத் தொடுவதே அரிது என்றும், நீர் ஊற்றிச் சாணை பிடிப்போர் 45ஐத் தாண்டுவது அரிது என்றும் குறிப்பிட்டார்.

தூசியைத் தடுக்கும் கருவிகள் அப்போதே கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. ஆனால் தொழிலாளர் பலர் அவற்றை ஏற்கவில்லை. ஆபத்துக் குறைந்தால் இத்தொழிலுக்கு ஆட்கள் கூடுவர், கூலி குறையும் என்று அவர்கள் அஞ்சியதாக ஏங்கல்ஸ் எழுதுகிறார். பாதுகாப்பு என்பது கருவி சார்ந்தது மட்டுமன்று, கூலி சார்ந்ததும் ஆகும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

குருந்தமும் கார்போரண்டமும்

இயற்கைக் கல்லுக்கு மாற்றாக எமரித் துகளைக் களிமண்ணுடன் சேர்த்துச் சூளையில் சுட்டுச் செய்த சக்கரங்கள் 19ஆம் நூற்றாண்டில் வந்தன. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் 1885இல் தொடங்கிய நார்ட்டன் நிறுவனம் இவ்வகைச் சக்கரங்களால் வளர்ந்தது. எமரி என்பது குருந்தம் கலந்த கனிமம். ‘கொரண்டம்’ என்ற ஆங்கிலச் சொல்லே ‘குருந்தம்’ என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதாகும்.

1891இல் எட்வர்டு குட்ரிச் அச்சிசன் என்ற அமெரிக்கர், களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கியபோது மிகக் கடினமான படிகங்களைப் பெற்றார். கார்பனும் கொரண்டமும் சேர்ந்த பொருள் என்று எண்ணி அதற்குக் கார்போரண்டம் என்று பெயரிட்டார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு. பெயர் நிலைத்துவிட்டது. பின்னர் பாக்சைட்டிலிருந்து செயற்கை அலுமினாவும் செய்யப்பட்டது. இரும்பை வெட்ட அலுமினாத் தட்டும், கல்லை வெட்டச் சிலிக்கன் கார்பைடுத் தட்டும் ஏற்றவை என்ற பாகுபாடு இன்றும் தொடர்கிறது. செயற்கைச் சக்கரங்கள் பரவியபின் மணற்கல் சக்கரம் மறைந்தது. அதனால் உலோகம் சாணை பிடிப்போரிடையே சிலிக்கா நோயும் குறைந்தது.

இந்தியாவில் சென்னையைச் சேர்ந்த முருகப்பா குழுமம், அமெரிக்காவின் கார்போரண்டம் நிறுவனம், பிரிட்டனின் யுனிவர்சல் கிரைண்டிங் வீல் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கின.

பிசின் தட்டும் கைக்கருவியும்

சூளையில் சுட்ட சக்கரம் மண்பானை போன்றது. மெல்லியதாகச் செய்தால் சிறு அதிர்ச்சியிலும் உடையும். லியோ பேக்லண்ட் 1907இல் உருவாக்கிய பேக்கலைட் என்ற ஃபீனாலிக் பிசின் வகை இக்குறையைத் தீர்க்க உதவியது. தேய்ப்புத் துகள்களைப் பிசினால் பிணைத்தபோது சற்றே வளைந்து கொடுக்கும் மெல்லிய தட்டுகள் சாத்தியமாயின. பின்னர் அதனுள் கண்ணாடி இழை வலை வைக்கப்பட்டது. விரிசல் விழுந்தாலும் துண்டுகள் உடனே பிரிந்து பறக்காமல் இந்த வலை ஓரளவு பிடித்துக்கொள்கிறது.

ஜெர்மனியில் ஹெர்மன் ஆக்கர்மன், ஹெர்மன் ஷ்மிட் ஆகியோர் 1922இல் தொடங்கிய நிறுவனம், வளையும் தண்டு மூலம் இயங்கும் கைச்சாணைகளைச் செய்தது. அதனால் ஃபிளெக்ஸ் என்ற பெயர் வந்தது. 1954இல் அந்நிறுவனம் அதிவேகக் கோணச் சாணை எந்திரத்தை வெளியிட்டது. ஜெர்மானியர் இன்றும் இக்கருவியை ‘ஃபிளெக்ஸ்’ என்றே அழைக்கின்றனர்.

இவ்வாறு, தரையில் நிலையாக நின்ற சக்கரம் மனிதன் கைக்கு வந்தது. நிலையான எந்திரத்தில் பொருளைத்தான் கையில் பிடிக்க வேண்டும். இதிலோ சுழலும் தட்டையே கையில் பிடிக்க வேண்டும்.

விளிம்பு வேகம்

கைக்கருவியில் பயன்படும் வெட்டுத் தட்டுகளின் உச்ச விளிம்பு வேகம் பெரும்பாலும் வினாடிக்கு 80 மீட்டர், அதாவது மணிக்கு 288 கிலோமீட்டர். உடைந்த துண்டு ஏறத்தாழ இந்த வேகத்தில்தான் பறக்கும். தட்டு பெரிதாக ஆக, இதே விளிம்பு வேகத்தை அடையக் குறைந்த சுற்றுகளே போதும். எனவே தட்டின்மேல் அச்சிட்டுள்ள உச்சச் சுற்று அளவு விட்டத்துக்கேற்ப மாறும்:

100 மி.மீ. (4 அங்குலம்): நிமிடத்துக்கு 15,300 சுற்றுகள்
125 மி.மீ. (5 அங்குலம்): 12,250 சுற்றுகள்
180 மி.மீ. (7 அங்குலம்): ஏறத்தாழ 8,500 சுற்றுகள்
230 மி.மீ. (9 அங்குலம்): 6,650 சுற்றுகள்

நிமிடத்துக்கு 11,000 சுற்றுகள் சுழலும் 4 அங்குல எந்திரத்தில் 7 அங்குலத் தட்டைப் பூட்டினால் என்ன ஆகும்? விளிம்பு வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 104 மீட்டராகிறது. தட்டைப் பிய்க்கும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், அது 80 மீட்டர் வேகத்தில் இருப்பதைப்போல் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. மேலும் 4 அங்குலத் தட்டின் நடுத்துளை வழக்கமாக 16 மி.மீ., 7 அங்குலத் தட்டின் துளை 22.23 மி.மீ. இடைவெளியை ஏதேனும் வாஷர் வைத்து நிரப்பினால் தட்டு மையம் தவறி ஆடும். பெரிய தட்டு உள்ளே நுழையாது என்பதால் காப்பு மூடியையும் கழற்ற வேண்டியிருக்கும். ஒரே செயலில் மூன்று காப்புகள் போய்விடுகின்றன. மரம் அறுக்கும் பல் தட்டை இக்கருவியில் பூட்டுவதும் இதே போன்றது. அதன் பற்கள் மரத்தில் சிக்கினால் கருவி கையை மீறித் துள்ளும்.

தட்டு உடைவதும் கருவி உதைப்பதும்

வெட்டுத் தட்டு விளிம்பின் திசையில் வரும் அழுத்தத்தைத் தாங்கும், பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது. எனவே அதன் பக்கத்தால் தேய்ப்பதோ, வெட்டும்போது வளைத்துத் திருப்புவதோ கூடாது. தேய்ப்பதற்கு ஏறத்தாழ 6 மி.மீ. தடிமனுள்ள கிரைண்டிங் வீல் தனியாக உள்ளது.

பிசின் காலப்போக்கிலும் ஈரத்திலும் வலுவிழக்கும். தரமான தட்டுகளில் நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். இது காலாவதி நாள், பொதுவாக உற்பத்தியிலிருந்து மூன்று ஆண்டுகள். சுட்ட சக்கரத்தைத் தட்டி ஓசை கேட்டு விரிசல் அறியும் பழைய முறை மெல்லிய பிசின் தட்டுக்குப் பொருந்தாது. எனவே கீழே விழுந்த தட்டையும் நனைந்த தட்டையும் ஒதுக்கிவிடுவதே வழி.

வெட்டும் பிளவு மூடிக்கொண்டு தட்டை இறுக்கிப் பிடித்தால் கருவி ஆளை நோக்கி உதைக்கக்கூடும். ஒரு குழாயின் இரு முனைகளையும் தாங்கி நடுவில் வெட்டினால், வெட்ட வெட்டக் குழாய் தொய்ந்து மேலுள்ள பிளவு மூடும். ஒரு பக்கத்தை வைஸில் இறுக்கி, வெட்டி விழும் சிறு துண்டைத் தாங்காமல் விட்டால் பிளவு திறந்தே இருக்கும்.

வெட்டும் முறை

தட்டை மாற்றுமுன் மின்பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. தட்டின் சுற்று அளவு எந்திரத்தின் அளவுக்குக் குறையாமல் இருக்கிறதா, விளிம்பு சிதைந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். காப்பு மூடி தட்டுக்கும் ஆளுக்கும் நடுவே இருக்குமாறு திருப்பி இறுக்க வேண்டும். பக்கக் கைப்பிடியைப் பொருத்தி இரு கைகளாலும் பிடிக்க வேண்டும்.

புதிய தட்டைப் பூட்டியதும், ஆளில்லாத பக்கம் நோக்கி ஒரு நிமிடம் வெறுமனே ஓடவிடுவது வழக்கம். குறையுள்ள தட்டு பெரும்பாலும் இந்த ஒரு நிமிடத்திலேயே உடையும். வெட்டும்போது முகமும் உடலும் தட்டு சுழலும் தளத்தின் நேர்க்கோட்டில் இருக்கலாகாது. அழுத்தித் தள்ளாமல் தட்டு தானே வெட்டும் அளவுக்கு விட வேண்டும். தட்டு முழுதும் நின்றபின்பே கருவியைக் கீழே வைக்க வேண்டும்.

கண்ணாடிக் கவசமும் முகக் கவசமும் சேர்ந்து தேவை. வெயில் கண்ணாடி இதற்கு ஈடாகாது. தோளில் தொங்கும் துண்டு, தளர்ந்த கைலி, கட்டாத கூந்தல் ஆகியவை தட்டில் சுற்றிக்கொள்ளும். தீப்பொறி பல அடி தூரம் பாயும் என்பதால் தின்னர், பெட்ரோல், பஞ்சு போன்றவை அருகில் இருக்கலாகாது. எண்ணெயோ பெட்ரோலோ இருந்த மூடிய பீப்பாயை, காலியாகத் தோன்றினாலும் வெட்டலாகாது. உள்ளே எஞ்சிய ஆவி வெடிக்கும்.

திரும்பி வந்த தூசி

மணற்கல் சக்கரத்தோடு மறைந்த ஆபத்து, வெட்டப்படும் பொருளின் வழியே திரும்பியுள்ளது. கிரானைட், கான்கிரீட், டைல்ஸ் ஆகியவற்றில் சிலிக்கா உள்ளது. வைரத் தட்டால் இவற்றை உலர்ந்தபடி வெட்டும்போது எழும் வெண்தூசி, ஷெஃபீல்டில் நுரையீரலைக் கெடுத்த அதே தூசிதான். முகத்தில் கட்டிய கைக்குட்டை இந்த நுண்துகளைத் தடுக்காது. நீர்ப்பாய்ச்சலுக்கென அமைந்த கருவியால் ஈரமாக வெட்டுவதும், தூசியை உறிஞ்சும் அமைப்பும், துகள் வடிக்கும் முகமூடியும் தேவை. சாதாரண மின்கருவியில் தண்ணீர் ஊற்றினால் மின்னதிர்ச்சி நேரும். சிலிக்கா மிகுந்த செயற்கைக் கற்பலகைகளை வெட்டியோரிடையே நோய் பரவியதால், ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அவற்றுக்குத் தடை விதித்தது.

சட்டமும் பட்டறையும்

இந்தியாவின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், சாணை எந்திரம் ஒவ்வொன்றின் அருகிலும் சக்கரத்தின் பாதுகாப்பான உச்ச விளிம்பு வேகத்தை எழுதி வைக்க வேண்டும் என 30ஆம் பிரிவில் விதித்தது. பிரிட்டனின் 1970ஆம் ஆண்டு விதிமுறைகள், பயிற்சி பெற்று நியமிக்கப்பட்டவரே சக்கரத்தைப் பூட்டலாம் என்றன. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாக, மின்விசையுடன் 10 பேராவது வேலை செய்யும் இடங்களையே தொழிற்சாலையாகக் கருதியது. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் தெருமுனை வெல்டிங் பட்டறை அதன் வரம்புக்கு வெளியே நின்றது.

அத்தகைய பட்டறைகளில் காப்பு மூடி கழற்றப்படுவது பெரும்பாலும் அலட்சியத்தால் அன்று. வெட்டும் கோடு தெரியவில்லை, மூலைக்குள் நுழையவில்லை, வேலை தாமதமாகிறது என்பவையே காரணங்கள். பீஸ் கணக்கில் கூலி பெறுபவருக்குத் தாமதம் என்பது வருமான இழப்பு. கையை எடுத்தால் நின்றுவிடும் சுவிட்சு, தட்டை விரைவில் நிறுத்தும் பிரேக், உதைப்பை உணர்ந்து நிற்கும் மின்னணு அமைப்பு ஆகியவை இன்றைய எந்திரங்களில் கிடைக்கின்றன. அவை விலை கூடியவை. ஆனால் காப்பு மூடி எந்திரத்தோடு சேர்ந்தே வருகிறது. அதைக் கழற்றாமல் வேலை செய்வதற்கான நேரத்தையும் கூலிக் கணக்கில் சேர்ப்பது, வேலை தருபவரின் பொறுப்பாகும்.